வரிசையில் கடைசியாகப் பாட்டி

தம்போயில் ரேடியோவைத் திருகினால் மின்னல் எஃப்எம்மும் வரும், நீரிணைக்கு அந்தப் பக்கமிருந்து சிங்கப்பூரின் ஒலி 96.8-உம் வரும். அலைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அதைக் கேட்டு வளர்ந்த நான், வேலை முடிந்த இரவுகளில் இணையத்தில் ஒரு குட்டி வானொலி நடத்துகிறேன். பாட்டுகளுக்கு நடுவே, தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களின் பேச்சு. கேட்பவர்கள் எல்லாரும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள்.

இதை ஓட்டுவது லிக்விட்சோப் என்ற ஸ்கிரிப்ட் மொழி. 2000களின் முதல் பாதியில் பிரான்சின் லியோன் நகர மாணவர்கள் தொடங்கியது. ஒலி வரும் இடத்துக்கு இதில் 'சோர்ஸ்' என்று பெயர். நேரலை ஒரு சோர்ஸ், பாட்டுப் பட்டியல் இன்னொன்று. இரண்டையும் 'ஃபால்பேக்' போட்டு வரிசைப்படுத்தினால், முதலாவது இல்லாதபோது அடுத்தது ஒலிக்கும். நேரலை திரும்பி வந்தாலும், நாம் மாற்றிச் சொல்லாதவரை, ஓடுகிற பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கும். அவ்வளவு மரியாதை!

எனக்குப் பிடித்தது வேறு. எந்த நேரமும் நின்றுபோகக்கூடிய சோர்ஸை மட்டும் கொடுத்தால் இந்த மொழி ஓடவே மறுக்கும். "இது நின்னா என்ன பண்ணுவ?" என்று ஆரம்பத்திலேயே கேட்கிற மாதிரி. பதிலுக்கு, கையில் பத்திரமாக இருக்கும் ஒரு கோப்பையாவது கடைசியில் வைக்கலாம். நான் வைத்திருப்பது பாட்டியின் குரல். இருட்டோடு எழுந்து பால்மரம் சீவப் போன கதை, ஏழு நிமிடம்.

பாட்டி இப்போது இல்லை. மற்ற சோர்ஸ் எல்லாம் நின்றால்தான் அவர் பேசுவார். பதிவு செய்யாமலே போனவர்களை எந்த வரிசையிலும் வைக்க முடியாது. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து புளோக் தாத்தாவைப் பார்க்கப் போகிறேன்.