பொட்டு வெச்சா மட்டும் போதுமா?



போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்துல புல் வெட்டினதைப் பார்த்துட்டு, "புது டிராக்டர் வாங்கிட்டீங்களா?"ன்னு நாலைஞ்சு பேர் கேட்டீங்க. புதுசு இல்லைங்க. அதே பழைய மினி டிராக்டர்தான். அது எப்படி மறுபடி ஓடுச்சுன்னு எழுதுறேன். இதுல நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கு.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில எவ்வளவு கூட்டம் கூடும்னு உங்களுக்கே தெரியும். காஜா பேராங் மாரியம்மன் கோயில்ல செட்டி மக்கள் 'டத்தோ சாச்சார்' திருவிழா எடுக்கும்போதும் உதவிக்குக் கைகள் நிறைய வரும். நம்ம கோயில் சின்னத் தோட்டத்துக் கோயில். தோட்டம் கைமாறி, ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து ஜனங்க எல்லாம் டவுனுக்குப் போயாச்சு. நானே தெங்கேராவுல இருந்துதான் வாராவாரம் வர்றேன். புல் வெட்ட, நாற்காலி ஏத்த, அன்னதானக் குப்பையை இழுக்க, நமக்கு ஆள்பலம்னா அந்த டிராக்டர்தான்.

அதை ஓட்டுறவர் நம்ம மாமா. வயசு எழுபதைத் தாண்டியாச்சு. அந்தக் காலத்துல தோட்டத்துல பால் டாங்கி இழுத்த டிராக்டரை ஓட்டினவர்.

சில மாசமா கியர் இறுகிப் போச்சு. முதல்ல இரண்டாவது கியர், அப்புறம் ரிவர்ஸ். கடைசியில ரெண்டு கையாலயும் இழுத்தாத்தான் விழும். விழும்போது கறகறன்னு சத்தம். நான் நிர்வாகக் கூட்டத்துல எழுந்து, "மாமாவுக்கு வயசாயிடுச்சு, கியரை முரட்டுத்தனமாப் போடுறார், பல்லெல்லாம் தேஞ்சிருக்கும், பழைய இரும்புக்குப் போட்டுடலாம்"னு சொல்லிட்டேன். அவர் பின்வரிசையில உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசலை. சாவியை மேசை மேல வெச்சிட்டு எழுந்து போனார். அதுக்கப்புறம் மூணு வாரம் கோயிலுக்கே வரலை.

பட்டறையில கேட்டோம். கியர்பாக்ஸை இறக்கணும்னாங்க. சொன்ன தொகையை நம்ம உண்டியல் தாங்காது. வேற வழியில்லாம மாமா வீட்டுக்குப் போனேன். கோபமா ஏதாவது சொல்வார்னு நினைச்சேன். "ஞாயித்துக்கிழமை காலையில வா மாப்ளே, பழைய துணி நிறைய கொண்டா"ன்னு மட்டும் சொன்னார்.

வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தின வண்டியில எல்லா கியரையும் போட்டுப் பார்த்தார். "எஞ்சின் ஓடும்போது மட்டும் இறுகினா கிளட்ச் சரியா விடலைன்னு அர்த்தம். நிறுத்தின பிறகும் இறுகினா கோளாறு கியர் பக்கம்." நம்ம வண்டி ரெண்டாவது ரகம்.

அடுத்து கியர் கம்பியை அதோட மூடியோட சேர்த்துக் கழற்றித் தூக்கினார். உள்ளே இருக்கிற தண்டுகளை ஸ்க்ரூட்ரைவரால தள்ளிப் பார்த்தார். கொஞ்சம் முரண்டு பண்ணினாலும் நகர்ந்தது. ஆனா கியர் கம்பியோட அடியில இருக்கிற உருண்டை, தன் குழிக்குள்ள துருப் பிடிச்சு இறுகிக் கிடந்தது. எண்ணெயைப் பார்த்தா தே தாரேக் நிறம். கியர் எண்ணெயில தண்ணி கலந்தா அப்படித்தான் பால் போல ஆகும், வழுக்கும் தன்மை போயிடும், துருவும் பிடிக்கும்.

"பல்லு ஒண்ணும் உடையலை, பார்த்துக்கோ"ன்னார். நான் தலை குனிஞ்சுக்கிட்டேன்.

தண்ணி எங்கேருந்து வந்துச்சு? கியர் கம்பி உள்ளே இறங்குற இடத்துல இருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சிருந்தது. "இந்த இடத்துல தண்ணி பீய்ச்சிக் கழுவுறது யாரு?"ன்னு கேட்டார்.

நான்தான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பிரஷர் பைப்பை வெச்சு, சேறு போகணும்னு கியர் பக்கம் நல்லா அடிச்சுக் கழுவுவேன். அப்புறம் சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சை. படம் எடுத்து இங்கேயே போட்டிருக்கேன், நீங்களும் கும்பிட்டுக் கருத்து எழுதியிருக்கீங்க. அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். சந்தனப் பொட்டுக்குக் கீழே கிழிஞ்ச ரப்பர் தெளிவாத் தெரியுது.

எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கியிருந்ததால பழைய எண்ணெய் முழுசா வடிஞ்சது. டீசல் ஊத்தி, எஞ்சினைப் போடாமலே கியர்களைக் கையால அசைச்சு, அலசிக் கொட்டினோம். உருண்டையை மெல்லிய உப்புத்தாளால தேய்ச்சுக் கிரீஸ் தடவினோம். புது ரப்பர் உறை போட்டு, கையேட்டுல சொன்ன ரக எண்ணெயை ஊத்தினோம். சில டிராக்டர்ல ஹைட்ராலிக்குக்கும் அதே எண்ணெய்தான், கையில கிடைச்சதை ஊத்தக் கூடாது. ஒரு வாரம் ஓட்டினதும் மீதித் தண்ணி போகட்டும்னு மறுபடி எண்ணெய் மாத்தினோம். பட்டறை சொன்னதுல கால்வாசி கூட செலவாகலை.

இப்போ ஒரு விரலால கியர் விழுது.

இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். இந்த மாதிரிப் பழைய டிராக்டர் கியர் கார் கியர் போல இல்லை. வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுசா மிதிச்சு, ரெண்டு மூணு வினாடி பொறுத்துத்தான் போடணும். விழலைன்னா பலம் காட்டாம, கிளட்சைக் கொஞ்சம் விட்டு மறுபடி மிதிக்கணும். மாமா எப்பவும் அப்படித்தான் ஓட்டினார். அவர் இல்லாத நாள்ல அவசரத்துக்கு எடுத்து, உருளும்போதே கியர் மாத்தினவன் நான்.

வேலை முடிஞ்சு கை கழுவும்போது மாமா சொன்னது: "அம்பாளுக்குப் பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி அபிஷேகம் பண்றோம்ல மாப்ளே. இதுக்கு அபிஷேகம்னா எண்ணெய் பார்க்கிறதுதான்."

மாமா, கூட்டத்துல எல்லார் முன்னாடியும் உங்க மேல பழி போட்டேன். அதனால எல்லார் முன்னாடியும் கேட்கிறேன், மன்னிச்சிடுங்க. சாவி இனி உங்ககிட்டதான்.

வர்ற ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடி கோத்தோங் ரோயோங் வைக்கிறோம். டிராக்டர், ஜெனரேட்டர், புல் வெட்டும் மெஷின், மடப்பள்ளி கிரைண்டர், எல்லாத்துக்கும் எண்ணெய், வயர், ரப்பர் பார்த்துட்டு அப்புறம்தான் பொட்டு. டிராக்டர் ஓட்டக் கத்துக்க விரும்புற இளைஞர்கள் ரெண்டு பேர் வாங்க, மாமா சொல்லித் தர்றேன்னு ஒத்துக்கிட்டார். தண்ணி பைப்பை மட்டும் என் கையில குடுத்துடாதீங்க.

அம்பாள் துணை.