நான்கு நாளில் யாழ்ப்பாணம்

கடந்த வாரம் ரொறன்ரோவிலிருந்து மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். என் அக்காவின் மூத்த மகள். அங்கேயே பிறந்து, படித்து, இப்போது வேலையும் பார்க்கிறாள். யாழ்ப்பாணத்தை ஒருபோதும் கண்டதில்லை. அடுத்த மாதம் சென்னை வழியாகத் தனியே வந்து பலாலியில் இறங்குகிறாளாம்.

"மாமா, நாலு நாள்தான் நிப்பன். எங்கெங்க போகலாம் எண்டு ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கோ. நீங்கள் பேப்பர்காரர்தானே, உங்களுக்குத் தெரியாத இடமே?"

முப்பது ஆண்டுகளாகச் செய்திக்காக இக்குடாநாட்டின் ஒழுங்கையெல்லாம் அலைந்தவனுக்கு அந்தக் கடைசி வார்த்தை இனிக்கத்தான் செய்தது. ஒரு மணித்தியாலத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று இரவுகள் பிடித்தன.

முதல் நாள் நகரம். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகத் திருத்தி அமைத்த கோட்டை. வெயில் தாழ்ந்தபின் மதிலில் ஏறினால் பண்ணைக் கடலில் சூரியன் அமிழ்வதைக் காணலாம். அங்கிருந்து நடைதூரத்தில் பொது நூலகம். பின்னர் நல்லூர்க் கந்தன், சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை. வெயில் களைக்கக் கோயிலடியில் ஐஸ்கிறீம்.

இரண்டாம் நாள் நிலாவரைக் கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்பது ஐதீகம். சுண்ணக்கல் கரைந்து உண்டானது என்பது புவியியல். இரண்டையும் எழுதிவைத்தேன். அப்படியே பருத்தித்துறைக்குப் போய், மணற்காட்டில் மணல் மூடிய பழைய தேவாலயத்தைப் பார்த்துத் திரும்பலாம்.

மூன்றாம் நாள் தீவு. நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று புறப்படுவோர் பெரும்பாலும் குறிகாட்டுவான் இறங்குதுறையிலேயே பொழுதைக் கழித்துவிடுவர். நெடுந்தீவு போதும் என்று தீர்மானித்தேன். காட்டுக் குதிரைகள், பவளக்கல் வேலிகள், பெருக்குமரம் என்று ஒரு நாளுக்கு அதுவே நிறைய. நான்காம் நாள் கந்தரோடை, மாவிட்டபுரம், கடலோரத்தில் நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணி.

எழுதி முடித்து வாசித்தபோது ஏதோ உறுத்தியது. கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் தரைமட்டமாயிற்று. கோட்டை நெதர்லாந்தின் உதவியோடு திருத்தப்பட்டது. நூலகம் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. இன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அதன் முன் நின்று படம் எடுக்கும் பிள்ளைக்குச் சாம்பல் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும். ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் அருகில் இரண்டு வரி வரலாறும் சேர்த்தேன்.

அப்படிச் சேர்க்கும்போதுதான் சோனகத் தெரு நினைவுக்கு வந்தது. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நான் அதைக் கண்டதில்லை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட இடம். எங்கள் அழிவுகளை வரிவரியாக எழுதிவிட்டு, எங்கள் பெயரால் மற்றவர்களுக்கு நேர்ந்ததை மறைத்தால் அது வரலாறாகாது. முதலாம் நாளில் அந்தத் தெருவையும் எழுதினேன்.

திருப்தியோடு அனுப்பினேன். மறுநாட் காலை பதில் வந்திருந்தது.

"எல்லாம் நல்லாயிருக்கு மாமா. அம்மாவின்ர வீடு லிஸ்டில இல்லையே?"

எங்கள் வீடு மயிலிட்டியில் இருந்தது. 1990 ஜூனில் ஷெல் வீச்சுக்கு அஞ்சி வெளியேறினோம். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று அம்மா கோழிக் கூட்டைத் திறந்துவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்ட செய்தியை எழுதியவர்களில் நானும் ஒருவன். அன்று மீனவர்கள் கரையில் நின்று அழுததை எழுதினேன். பிற்பாடு எங்கள் ஒழுங்கையும் திறக்கப்பட்டது. வீடு இல்லை, நிலத்தோடு மட்டமாக்கப்பட்டிருக்கிறது என்று போய்வந்த உறவினர் சொன்னார்கள்.

நான் போகவில்லை. துறைமுகத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் ஒழுங்கை முகப்போடு மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிட்டேன். அன்றன்றைக்கு ஒவ்வொரு காரணம் இருந்தது.

அக்காவிடம் பேசினேன். "அங்க என்ன கிடக்கு எண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப்போறாய்? நல்லூரைக் காட்டு. நண்டுக்கறி சமைச்சுக் குடுத்து அனுப்பு" என்றார். குரல் கரகரத்தது. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அக்காவும், இருபது கிலோமீற்றருக்குள் இருக்கும் நானும் அந்த ஒழுங்கைக்கு ஒரே அளவு தூரத்தில்தான் இருக்கிறோம் என்பது அப்போது விளங்கிற்று. நான் போட்ட பட்டியலும் அதைத்தான் சொன்னது. திருத்தப்பட்டவற்றையும் கண்ணுக்கு ஏதாவது மிஞ்சியிருப்பவற்றையும் எழுதியிருந்தேன். ஒன்றுமே மிஞ்சாததை விட்டுவிட்டேன்.

பட்டியலைத் திருத்தினேன். மயிலிட்டியை முதலாம் நாளுக்குக் கொண்டுவந்தேன். பலாலியிலிருந்து அது எட்டும் தூரம்தான். விமானம் இறங்கும்போது அவள் சாளரத்தால் பார்ப்பதே அந்த மண்ணைத்தான். கடைசி நாளுக்கு வைத்தால், நேரம் போதவில்லை என்று சொல்லித் தப்பிவிடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். "பார்க்க ஒன்றும் இராது. பற்றைக்குள் நடக்கத் தகுந்த சப்பாத்து கொண்டுவா" என்று எழுதினேன்.

இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வர எண்ணியிருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கோட்டையும் கேணியும் எங்கும் போய்விடமாட்டா. ஒரு காலைப்பொழுதை வெறுமையாக விட்டு, உங்கள் காணிக்குப் போங்கள். பற்றைக் காணிக்குள் இறங்குமுன், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று அயலில் கேளுங்கள். எல்லைக்கல் இல்லாவிட்டால் கிணற்றைத் தேடுங்கள். மீண்டு வந்த பலர் தம் வளவைக் கிணற்றை வைத்தே அடையாளம் கண்டார்கள்.

நேற்றிரவு அக்காவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட கொப்பித்தாளில் பேனாவால் கீறிய வரைபடம். ஒழுங்கை, படலை, கறுத்தக்கொழும்பான் மாமரம், கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம். "உடுப்புத் தோய்க்கிற கல்லு" என்று எழுதியிருந்தது. கீழே ஒரு வரி:

"கல்லு கிடந்தால் படமெடுத்து அனுப்பு."