கர்டர் கணக்கு

ஹாலையும் டைனிங்கையும் ஒன்றாக்கிவிடும் ஆசை இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. நடுவில் நிற்கும் சுவர்தான் வில்லன். எங்கள் வீட்டிலும் அதே கதை. மேஸ்திரி வந்து சுவரை ஒரு தட்டு தட்டினார். 'ரெண்டே நாள் சார். உடைச்சுட்டு ஒரு கர்டரை ஏத்திடலாம்!'

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீடு தூண்கள் மேல் நிற்கிறதா, செங்கல் சுவர் மேலேயே மாடி உட்கார்ந்திருக்கும் பழைய வீடா? முதல் ரகம் என்றால் நடுச்சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. (அதற்காக, இன்ஜினீயர் பார்க்காமல் கை வைத்துவிடாதீர்கள்.) இரண்டாவது ரகத்தில் சுவரேதான் தூண். எங்களுடையது இரண்டாவது. மாடியில் குடித்தனம், கைக்குழந்தை வேறு.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்தவர், சுவரைப் பார்க்காமல் நேரே மொட்டைமாடிக்குப் போனார். எங்கள் சுவருக்கு நேர் மேலே மாடியிலும் ஒரு சுவர். அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி. பத்தடிக்குப் பத்தடி, 9 இஞ்ச் செங்கல் சுவரே ஏறக்குறைய 4 டன். ஆயிரம் லிட்டர் தண்ணீர் 1 டன். தளத்தின் எடை தனி.

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். சுவரை எடுக்கலாம், பாரத்தை எடுக்க முடியாது. இங்கே பற்று வைத்தால் வேறெங்கேயோ வரவு வைத்தாகணும். அந்த வரவு முழுக்க கர்டரின் இரண்டு முனைகளில்தான் விழும். வெறும் செங்கல் அங்கே நசுங்கிப் போகும் என்பதால், முனைகளுக்கு அடியில் கான்கிரீட் கட்டை போடச் சொன்னார்.

கர்டர் ஏன் ஆங்கில 'ஐ' எழுத்து மாதிரி இருக்கிறது தெரியுமா? பாரம் ஏறும்போது மேல் விளிம்பு அமுங்கும், கீழ் விளிம்பு இழுபடும். நடுவில் அவ்வளவு வேலை இல்லை. அதனால் இரும்பை மேலும் கீழும் போட்டு, நடுவில் மிச்சம் பிடித்துவிட்டார்கள். நல்ல சிக்கனம்!

எங்களுக்கு எழுதிக் கொடுத்தது 200 மில்லிமீட்டர் உயரத்தில் இரண்டு கர்டர். மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. தொட்டியைக் காலி செய்தோம். மாடிவீட்டுக்காரர் குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போனார். சுவரின் இரண்டு பக்கமும் முட்டு கொடுத்த பிறகுதான் உளி எடுத்தார்கள். ஒரு பக்கத்தில் பாதி கனத்துக்கு மட்டும் வெட்டி முதல் கர்டர். அது பாரத்தைப் பிடித்த பிறகு மறுபக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே போல்ட்.

கர்டர் தலைக்கும் பழைய செங்கலுக்கும் நடுவில் அரை இஞ்ச் இடைவெளி. 'பூசினா தெரியாது சார்' என்றார் மேஸ்திரி. இன்ஜினீயருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அரை இஞ்ச்சைச் சும்மா விட்டால், மேல்சுவர் அரை இஞ்ச் இறங்கி வந்துதான் கர்டரில் உட்காருமாம். ஈரம் குறைந்த சிமென்ட் கலவையை அங்குலம் அங்குலமாக இடித்துத் திணிக்க வைத்தார். பாதி நாள் ஆனது.

முட்டுகளை ஒரு வாரம் கழித்து, ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். மறுநாள் தொட்டியில் தண்ணீர் ஏற்றி, டார்ச் அடித்து மாடிச் சுவரில் விரிசல் தேடினோம். இல்லை. மாடிவீட்டுக்காரருக்கு போன் செய்தேன். 'நீங்க முதல்ல ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க சார், அப்புறம் வர்றோம்' என்றார்.

படுத்தேன்.