ஓலையில் ஏறாத இராகம்

தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளைப் புலம்பிப் பாடும் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை எழும். அதை இயற்றிய யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளின் கையில் ஒரு கைபேசி இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

கோவாவில் பிறந்த அடிகள் 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் செய்தார். யாழ்ப்பாணமும் தீவகமும் அப்போது ஒல்லாந்தர் வசம். கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுத்தால் மரணதண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்திருந்தது. 1687இல் யோசேவ் வாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து, இரவில் ஒளித்துப் பூசை வைத்த மண் இது. பின்னர் கொழும்பில் அச்சுக்கூடம் வந்தபோதும் அது ஒல்லாந்தரிடமே இருந்தது. கத்தோலிக்கருக்கு வாய்த்தது பனையோலையும் எழுத்தாணியும்தான்.

இனி என் கற்பனை. கண்டிச் சீமையில் அடிகள் தம் குரலிலேயே பிரசங்கத்தைப் பாடிப் பதிகிறார். ஊர்காவற்றுறைக் கடற்கோட்டைக் காவலர் ஓலைக்கட்டைத் தேடி வள்ளத்தைக் கிண்டுகிறார்கள். மூப்பரின் தலைப்பாகைக்குள் இருக்கும் நகத்தளவு மெமரி கார்ட் அகப்படவில்லை. அன்றிரவு நெடுந்தீவில் ஒரு வீடு கதவைச் சாத்திக்கொண்டு, இயர்போன் மாட்டி, ஓசையின்றி அழுகிறது. விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் அந்தக் குரல் தீவெங்கும் போய்ச் சேர்கிறது. பனை உச்சிகளில் அன்டெனா தேடி ஏறுகிறது ஒல்லாந்தப் படை!

இந்தக் கற்பனையில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. அடிகளின் குரலே வந்திருந்தால் எல்லா ஊரும் அதையே கேட்டுப் பாடியிருக்கும். உண்மையில் ஓலையில் வசனம் வந்தது, இராகம் வரவில்லை. அதை வாய்வழியாகவே காக்க வேண்டியிருந்தது. ஊருக்கு ஊர் இழுப்பும் நிறுத்தமும் வேறாயின. தம் வீட்டுச் சாவில் அழுத குரலைத்தான் சனம் மாதாவின் புலம்பலுக்கும் கொடுத்தது. அந்த வேறுபாடுதான் நம் சொத்து.

1990இல் ஊர்காவற்றுறைச் சனம் இடம்பெயர்ந்தபோது அந்தக் குரல்களும் சிதறின. பாடத் தெரிந்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் முதுமையில் இருக்கிறார்கள். கொன்சால்வேஸ் அடிகளுக்குக் கிடைக்காத கருவி நம் எல்லோர் சட்டைப்பையிலும் கிடக்கிறது. யாரோ பாடிய ஒரே ஒலிப்பதிவை ஆலய ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். வரும் தவக்காலத்தில் உங்கள் ஊர்ப் பெரியவரைப் பாடச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரோடு பதிந்து வையுங்கள். பிறகு நீங்களும் பக்கத்தில் இருந்து பாடிப் பழகுங்கள்.