கண்டி மலைச் சரிவில் ஒரு கழிவறைப் பாடம்

கண்டிக்குப் போய் வந்தேன் என்றால் பேராதனைப் பூங்காவைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இம்முறை நான் அதிக நேரம் நின்று பார்த்தது ராத்தா வீட்டுக் கழிவறையைத்தான். சிரிக்க வேண்டாம்.

கிழக்கிலிருந்து மஹியங்கனை வழியாக மலையேறி மஃரிபுக்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தோம். வீடு நகருக்கு மேலே, படிக்கட்டுகளால் ஏற வேண்டிய சரிவில். அன்றிரவு பெருமழை. சுபஹுக்கு எழுந்தால், ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே வருகிறது. குளியலறை வடிகாலில் குடுகுடு என்று சத்தம். மழை பெய்தாலே இப்படித்தானாம். ராத்தா வெட்கத்தால் வெளியே சொல்லாமல், கடையில் வாங்கிய அமிலத்தை இரண்டு போத்தல் ஊற்றியிருக்கிறார். நிறைமாத மருமகளோ படியிறங்கிப் பக்கத்து வீட்டுக்குப் போய் வருகிறாள். மழையில் வழுக்கும் படி அது!

ராத்தாவின் மகன் படகுகளில் இயந்திர வேலை பார்ப்பவர். விடுமுறையில் அன்று பகல்தான் வந்தார். "மாமா, படகிலும் எங்களுக்குப் பெரிய தலைவலி இதுதான்" என்றார். படகுக் கழிவறையில் கைப்பம்பு ஒன்று கடல்நீரை இழுத்துக் கழிவைத் தள்ளுமாம். போனது திரும்பாமலிருக்கக் குழாயில் ஒரு ரப்பர் வால்வு. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாயின் உட்புறம் சுண்ணாம்பாகப் படியும். வால்வு சரியாக மூடாது. கழிவு திரும்பி வரும். அதற்கு வினாகிரி ஊற்றி ஊறவைப்பார்களாம். கடுமையான அமிலம் ரப்பரையே கெடுத்துவிடும்.

"ஒரு கழிவறை மட்டும் நின்றால் அடைப்பு அதன் வளைவில். வீட்டின் எல்லா வடிகாலும் சேர்ந்து தாமதித்தால் கோளாறு வெளியே" என்றார். கூரையேறிக் காற்றுக் குழாயைப் பார்த்தார். அது திறந்தே இருந்தது. பிறகு குழியின் மூடியைத் தூரத்தில் நின்று கம்பியால் நெம்பினார். அருகில் குனியவோ நெருப்புக் கொளுத்தவோ கூடாது. உள்ளிருக்கும் வாயு ஆளைக் கொல்லும். குழி விளிம்பு வரை நிறைந்திருந்தது. காரணமும் அங்கேயே தெரிந்தது. முன்பு கூரை மாற்றிய வேலையாட்கள் மழைப்பீலியின் குழாயை அந்தக் குழிக்குள்ளேயே விட்டிருக்கிறார்கள்! ஒவ்வொரு மழைக்கும் கூரைத் தண்ணீர் முழுவதும் குழிக்குள். ராத்தாவின் அமிலமோ குழியில் கழிவைச் செரிக்கும் கிருமிகளைக் கொன்றதுதான் மிச்சம்.

பீலியைப் பிரித்து வேறு பக்கம் திருப்பினார். மறுநாள் கழிவு பவுசர் வந்து, மேலே ஏற முடியாமல் பாதையிலிருந்தே நீண்ட குழாய் போட்டு உறிஞ்சியது.

நிறைந்து வழிந்ததெல்லாம் எங்கே போயிருக்கும்? அன்று அஸருக்குப் பின் வாவிக்கரையில் நடந்தபோது இதுவே என் நினைப்பு. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்துக் கட்டிய வாவி. 1999இல் பாசி பெருகி நீரே பச்சையாய்ப் போனது. வாவியின் மிகைநீர் மெத எல என்ற ஓடையாக நகருக்குள் ஓடி, கட்டம்பையில் மகாவலியில் விழுகிறது. சரிவு வீடுகளின் வடிகால்களும் அந்த ஓடையையே தேடுகின்றன. கீழே கட்டுகஸ்தோட்டையில் அதே ஆற்றில் குடிநீருக்கு எடுக்கிறார்கள். பொல்கொல்லை அணையிலிருந்து 1976 முதல் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு, அங்கிருந்து வடக்கே வயல்களுக்கும் அது போகிறது. பெரிய கப்பல்கள் சுத்திகரிக்காத மலக்கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் விடக்கூடாதென்று சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. நம் வீட்டுக் குழிக்கும் ஆற்றுக்கும் இடையில் எத்தனை முழம்?

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை வருடந்தோறும் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன். ராத்தா வீட்டுப் பீலி ஒருநாளும் என் நினைவுக்கு வந்ததில்லை.

ஜப்பானியக் கடனில் கன்னொறுவையில் நகரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருக்கிறார்கள். கடன் ஒப்பந்தம் 2010இல். ராத்தாவின் சரிவுக்கு அந்தக் குழாய் வரவில்லை.

ஊர் திரும்பிய வாரம் ராத்தா தொலைபேசியில் பேசினார். மருமகளுக்கு ஆண் குழந்தை, அல்ஹம்துலில்லாஹ். "தம்பி, மேல் வீட்டுக்காரரையும் பீலியைப் பார்க்கச் சொன்னேன். அவங்களுடையதும் குழிக்குள்ளதான் போகுதாம்" என்றார்.