பெயரில் ஓர் ஒற்றைக் குறி



செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் பண்டார் தெங்காராவில் ஒரு மாலைப்பொழுது. நூல்நிலைய இரவல் பதிவிற்காக நானே பி.எச்.பி. மொழியில் எழுதிய சிறு நிரலில் மாணவர் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தேன். "டி'குரூஸ்" என்னும் குடும்பப் பெயர் வந்ததும் நிரல் பிழை காட்டி நின்றுவிட்டது. அவசரத்தில் அந்த ஒற்றைக் குறியை நீக்கிவிட்டுப் பதிந்தேன். மறுவாரம் தன் இரவல் அட்டையைப் பார்த்த சிறுமி, "ஐயா, என் பெயர் இப்படி இல்லையே!" என்றாள். நான் தலைகுனிந்தேன்.

நேர்க்கூற்றில் ஒருவரது பேச்சு எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை மேற்கோள் குறி காட்டும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். தரவுத்தளத்திற்குக் கட்டளையிடும் எஸ்.க்யூ.எல். மொழியில் அப்பணியை ஒற்றைக் குறி செய்கிறது. ஆகவே, பெயருக்குள் குறியைக் கண்ட தரவுத்தளம், பெயர் "டி" என்பதோடு முடிந்தது என்று கொண்டது. எஞ்சிய "குரூஸ்" என்பதைக் கட்டளையாகப் படித்துத் தடுமாறியது. தீய நோக்குடைய ஒருவர் அவ்விடத்தில் உண்மையான கட்டளையையே எழுதினால், மாணவர் விவரங்கள் வெளிப்படலாம்; அழியவும் கூடும். இத்தகைய தாக்குதல் 1998-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் விளக்கப்பட்டதாகும்.

முன்பு பி.எச்.பி. மொழியில், வந்து சேரும் குறி ஒவ்வொன்றின் முன்னும் தானாகவே பின்சாய்கோடு இடும் "மேஜிக் குவோட்ஸ்" வசதி இருந்தது. அதனால் முழுப் பாதுகாப்பும் கிட்டவில்லை; பெயர்களோ "டி\'குரூஸ்" என்று சிதைந்தன. 2012-இல் வெளிவந்த 5.4 பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டது.

தக்க வழி, கட்டளையையும் பெயரையும் ஒன்றாக ஒட்டாதிருப்பதே. 2005-இல் 5.1 பதிப்போடு வந்த பி.டி.ஓ. இதற்கு உதவுகிறது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் இட்டுக் கட்டளையை முதலில் ஆயத்தம் செய்ய வேண்டும். பின்னர்ப் பெயரைத் தனியே ஒப்படைக்க வேண்டும். அப்போது பெயரில் எக்குறி இருப்பினும் அது பெயராகவே கொள்ளப்படும்.

அன்றிரவே நிரலைத் திருத்தினேன். மறுநாள் புதிய அட்டையைப் பெற்ற சிறுமி, தன் பெயரை விரலால் தொட்டுப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

மலாய்ப் பெயர்களிலும் "மஸ்'ஊட்" போன்றவற்றில் இக்குறி உண்டு. எனவே நிரல் எழுதும் ஆசிரியர்களே, சோதனைக்கு இத்தகைய பெயரையே முதலில் இட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பெயரை ஒரு படிவம் ஏற்க மறுத்தால், பெயரைத் திருத்தாதீர். நிரலைத் திருத்தும்படி கேளுங்கள். பிழை பெயரில் இல்லை.