சேலை போகும் சாலை

காஞ்சிபுரம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சென்னைப் பக்கமிருந்து வருகிறார்கள். காலையில் கைலாசநாதர், நடை சாத்துவதற்குள் ஏகாம்பரநாதரும் காமாட்சியும், வெயில் தாழ்ந்ததும் வரதராஜர், நடுவில் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலை. இருட்டுவதற்குள் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியிருப்பார்கள். காஞ்சிக்குத் தெற்கு வாசல் ஒன்று உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தேசூரில் கிளம்பி, வந்தவாசி வழியாகச் செய்யாற்றையும் பாலாற்றையும் கடந்து செவிலிமேட்டில் ஏறுகிற சாலை அது. சுமார் 60 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் நெய்த சேலைகள் காஞ்சிக்குப் போனது இந்த வழியில்தான். காஞ்சியின் பெருமை என்று ஊர் சொல்கிற கல்லும் பட்டும் பாதிக்கு மேல் இந்த வழி நெடுகக் கிடக்கின்றன என்பது என் கட்சி.

தேசூரில் தெருவும் தறிக்கூடத்தில் சேர்த்தி. விடியும் முன்பே பாவு விரித்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் முளையடித்து, நடுநடுவே மூங்கில் தாங்கல் கொடுத்து, தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழை. கஞ்சித் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஆட்கள் இரு பக்கமும் நடப்பார்கள். அறுந்த இழையைக் கண் தேடும், விரல் பிணைக்கும். சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்த நேரம் பார்த்து மாட்டை அவிழ்த்துவிட்டவர் தெருவே கூடித் தரும் திட்டை வாங்கிக்கொள்வார். மேகம் கறுத்தால் யார் வீட்டுப் பாவு என்று பார்க்காமல் எல்லோரும் ஓடிவந்து சுருட்டுவார்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. நைனா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு பக்கக் கரை நைனாவுக்கு, மறுபக்கக் கரை எனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அதுதான் வேலை. உடல் இழை போய்க் கரை இழையோடு கோத்துக்கொண்டு திரும்புகிற இடம் கோர்வை. அங்கே ஒரு இழை தளர்ந்தாலும் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். முதலாளி சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முதலில் தேடுவது அந்த ஓட்டையைத்தான். கண்டால் கூலியில் பிடித்தம். பட்டும் ஜரிகையும் அவருடையவை, டிசைனும் அவர் தருவது. நமக்கென்று இருந்தது தறியும் கையும்.

1985இல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி மத்திய அரசு சட்டம் போட்டது. சேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பேச்சோடு கடையேறுவது நிற்கவில்லை. தறியை மூடிவிட்டு வேறு வேலை தேடிப் போனவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

ஊருக்குப் பக்கத்திலேயே சீயமங்கலம். மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து எடுத்த கோயில். அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று கல்வெட்டில் பெயர் இருக்கிறது. உள்ளே இருப்பவர் ஸ்தம்பேஸ்வரர், ஊர்க்காரர்களுக்குத் தூணாண்டார். அங்கே பார்க்க வேண்டியதைக் கைகாட்ட ஆளில்லாவிட்டால் தவறவிட்டுவிடுவீர்கள். தூணின் மேற்பகுதியில், சின்ன அளவில், காலைத் தூக்கி ஆடுகிற சிவன். கல்லில் வடித்த ஆடல்வல்லான் உருவங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்வது இதைத்தான். சோழர் செப்புத் திருமேனிகளில் நடராசர் பிரமாதமாக ஆடத் தொடங்கியதற்குச் சில நூறு வருஷம் முந்தியது. அதே ஊர்ப் பாறையில் பார்சுவநாதரும் பாகுபலியும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கிறார்கள். அங்குள்ள சக ஆண்டு 815, அதாவது கி.பி. 892-93ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கங்க மன்னன் ராஜமல்லனைப் பேசுகிறது. சின்ன வயதில் எங்களுக்கு இது ஆடு ஓட்டிப்போகிற மலை. கைலாசநாதர் கோயிலைப் படமெடுக்கிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர் இங்கே வந்தால்கூட ஊருக்கு ஒரு டீக்கடை கூடுதலாகப் பிழைக்கும்.

வந்தவாசி பாடப்புத்தகத்தில் இருக்கிறது: 1760 ஜனவரி 22, ஆங்கிலேயத் தளபதி கூட் ஜெயித்தார், பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார், தென்னாட்டில் பிரெஞ்சுக்காரர் கனவு முடிந்தது. எங்களுக்கு வந்தவாசி என்றால் கோரைப்பாய், அதற்கப்புறம் பஸ் மாறுகிற இடம். ரயில் மாறுகிற இடமாகவும் ஆகியிருக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாக நகரிக்கு ஒரு பாதை 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல் வாங்கியது. அந்த வருஷம் பிறந்த பிள்ளை ஓட்டுரிமை வாங்கும் வயதுக்கு வந்தாகிவிட்டது. நாங்கள் இன்னும் பஸ்ஸில்தான் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறோம்.

மானாம்பதி, பெருநகர். பெருநகரில் தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் செய்யாற்றுக்கு வந்து கூடும். அப்புறம் மாங்கால் கூட்டுரோடு, சிப்காட், செருப்புக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வரிசை வரிசையான பஸ்கள். அந்தச் சம்பளம் பல வீடுகளில் அடுப்பெரிக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் 2023இல் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று மேல்மாவில் உட்கார்ந்த விவசாயிகளில் 7 பேர்மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு அரசு அந்த நடவடிக்கையிலிருந்து பின்வாங்கியது. ஏரிப் பாசனத்தில் மூன்று போகம் பார்த்த மண்ணைத் தரிசு என்று எழுதுகிறவர், மாமண்டூர் ஏரிக்கரைமேல் ஒரு தரம் நடந்துவிட்டு எழுதட்டும். பல்லவர் காலத்து ஏரி அது; சித்திரமேகத் தடாகம் என்பது பழைய பெயர். கரையை ஒட்டிய குன்றில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள். சீயமங்கலத்தில் விட்ட உளியோசையை இங்கே மறுபடி கேட்கலாம்.

தூசி என்கிற ஊர் வந்ததும் எனக்குச் சித்ரா பௌர்ணமி நினைவு முந்திக்கொள்ளும். அன்றைக்கு வரதராஜப் பெருமாள் காஞ்சியை விட்டுக் கிளம்பி, செவிலிமேடு தாண்டி, இந்தப் பக்கத்து ஊர்களில் மண்டகப்படி ஏற்றுக்கொண்டு ஐயங்கார்குளம் போவார். அது தெரியாமல் சேலை கொடுக்கக் கிளம்பிவிட்டோம். தூசியில் பஸ் நின்றது. "சாமி வருதுபா, வண்டி இனிமே நகராது, எறங்கி நடங்க" என்றார் கண்டக்டர். நைனா சேலை மூட்டையை வேட்டியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் பானகம், நீர்மோர், விசிறி. ஜனங்கள் பெருமாளைப் பார்த்தார்கள். நைனா பானகச் செம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு தெறித்தால் மாசக் கூலி போச்சு.

போனதுதான் போனோம், நடவாவியையும் பார்த்துவிடுவோம் என்று என்னை அழைத்துப்போனார். தாத்தாசாரியார் விஜயநகர காலத்தில் எழுப்பிய சஞ்சீவிராயர் கோயிலுக்குப் பக்கத்தில், படி இறங்கிப் போகிற கிணறு. அடியில் கல் மண்டபம். மற்ற நாளில் தண்ணீருக்குள் கிடக்கும்; திருவிழாவுக்கென்று இறைத்துவிடுவார்கள். தீவட்டி வெளிச்சத்தில் பெருமாள் ஈரத் தூண்களைச் சுற்றி வந்தார். மேலே நின்றவர்களுக்குக் குடையின் நுனி மட்டும் தெரிந்தது.

அங்கிருந்து பாலாற்றுக்கு. நடு மணலில் பந்தல், பக்கத்தில் பள்ளம். தோண்டத் தோண்ட மணல் முதலில் கறுத்தது, பிறகு பளபளத்தது, பிறகு பள்ளம் தானாக நிறைந்தது. அதற்குத்தான் ஊறல் உற்சவம் என்று பேர். "நம்ம ஆறு மேல ஓடாது தம்பி, கீழ ஓடும்" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர்.

பாலாற்றை வறண்ட ஆறு என்று சொல்கிறவர்களுக்கு அந்தப் பெரியவர் சொன்னதே பதில். அதன் தண்ணீருக்குப் பாத்திரம் மணல். பாத்திரத்தை லாரி லாரியாக ஏற்றி விற்றுவிட்டு ஆற்றில் நீரில்லை என்கிறோம். மேலே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் கழிவு. அது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் தீர்ப்புச் சொன்னது. சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். கரையோரக் கிணறுகள் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. 2021 நவம்பரில் வந்ததுபோல் எப்போதாவது கரைபுரண்டு வெள்ளம் வரும். தங்குவதற்கு மணல் இல்லாத இடத்தில் அது கடலுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

பாலம் இறங்கினால் செவிலிமேடு, அப்புறம் காஞ்சி. அந்த ஊரைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை. ஒரு யோசனை மட்டும். காந்தி ரோட்டில் கடைக்காரர் சேலையை விரித்ததும் எல்லோரும் விலை கேட்பார்கள், ஜரிகை அசலா என்பார்கள். கூடவே, இது எந்த ஊர்த் தறி என்று கேளுங்கள். காஞ்சியிலேயே நெய்ததாகவும் இருக்கலாம்; ஆரணி, தேவிகாபுரம், தேசூர்ப் பக்கம் நெய்ததாகவும் இருக்கலாம். பதில் தெரியாத கடைக்காரர் முதலில் முழிப்பார். வருகிறவர்களெல்லாம் கேட்கத் தொடங்கினால், விலைச் சீட்டில் ஊர்ப் பெயரையும் அச்சடிக்க அவருக்கு அதிக நாள் ஆகாது. வியாபாரி வாடிக்கையாளர் கேட்டதைத் தருவார். இதுவரை யாரும் கேட்கவில்லை.